முகத்தில் ஏறும் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் எங்கள் கரையில் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. ஒன்று என்றால் தூரத்தில் எங்கோ கிளம்பியிருக்கிறது. மூன்று என்றால் காற்று இங்கேயே அடிக்கலாம். எண்ணைக் கேட்டதும் வள்ளத்தை இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மண்டபம் பக்கம் நண்டு கம்பெனிகளில் தரக் கண்காணிப்புதான் என் வேலை. நான் உள்ளே நுழையும்போதே என் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு மூணாம் நம்பர்" என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள் என்பது எனக்குப் பல வருடம் தெரியாது. தெரியவந்தபோது ஓர் இரவுச் சரக்கு முழுவதையும் கொட்ட வேண்டியிருந்தது. வேலை வாங்குகிறவர் முதலில் தன்னைக் கவனிக்க வேண்டும் என்று நான் கற்ற கதை இது.

அது ஜூன் கடைசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகளும் இறங்கியிருந்தன. சரக்கு குவிந்துகொண்டிருந்த நேரம். காலையில் சில் ரூம், அதாவது சரக்கைக் குளிரில் வைக்கும் அறையின் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். மணிக்கொரு தடவை எழுத வேண்டிய வெப்பநிலை, இரவு முழுக்க 3, 3, 3 என்று ஒரே மாதிரி இருந்தது. தெர்மாமீட்டரைச் சதையில் குத்தினேன். 9 டிகிரி காட்டியது. இரவில் கரண்ட் போய் வந்ததில் கம்ப்ரசர் நின்றுபோயிருக்கிறது. நாலைந்து பேருக்குத் தெரியும். ஒருவரும் எனக்குப் போன் செய்யவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். வேகவைத்த நண்டின் சதையைக் கையால்தான் பிரிக்கிறோம். மனிதத் தோலில் இயல்பாக இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி அதில் சேர்ந்துவிடலாம். குளிர் சரியாக இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். குளிர் தப்பி நேரமும் கடந்தால் பெருகும், நஞ்சு சுரக்கும். பிறகு டின்னில் அடைத்துச் சூடேற்றினால் கிருமி செத்துவிடும், நஞ்சு அப்படியே இருக்கும். கண்ணுக்கும் நாக்குக்கும் எதுவும் தெரியாது. அதனால் அந்த ரிஜிஸ்டரில் வரும் எண்ணை மட்டுமே நம்பி எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறார். அந்த எண் பொய்யாக இருந்தது. அதைப் பொய்யாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

வேதாளையிலிருந்து வரும் மூத்த அக்கா ஒருவர் மட்டும் என்னிடம் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். போன மாசம் ஐஸ் பத்தலைன்னு ஒரு பிள்ளை வந்து சொன்னுச்சு. எல்லார் முன்னாடியும் அதைத்தான் திட்டுனீங்க. அதுக்கப்புறம் யாரு வந்து சொல்லுவா?"

எனக்கு அந்தச் சம்பவமே நினைவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. திட்டியவருக்கு மறந்துபோகிறது, பார்த்துக்கொண்டிருந்த முப்பது பேருக்கு மறப்பதில்லை.

அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை 1990களில் ஆராய்ந்தவர் எமி எட்மண்ட்சன். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான கணக்கில் அங்கேதான் கூடுதலாக இருந்தன. அங்கே இருந்தவர்கள் நடந்த தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். இதைப் படித்த பிறகு, தவறே பதிவாகாத ரிஜிஸ்டரைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை.

தன்னைக் கவனிக்கும் தலைமை என்றதும் பலர் கண்ணை மூடி உட்காரும் தியானத்தை நினைக்கிறார்கள். வேலைத்தளத்தில் அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. எனக்குக் கிடைத்தது கை கழுவும் தொட்டி. உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் பூட்ஸ் போட்டு, குளோரின் தண்ணீரில் கால் நனைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் தாடை இறுகியிருக்கிறதா, தோள் ஏறியிருக்கிறதா, மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறதா என்று பார்க்கிறேன். இந்தக் கோபம் இந்த ஹாலுக்கு உரியதா, காலையில் வீட்டிலிருந்தோ ஏற்றுமதி ஆபீஸ் போனிலிருந்தோ வந்ததா என்று கேட்டுக்கொள்கிறேன். மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விட்டால் இதயத்துடிப்பு கொஞ்சம் தணியும். பெரும்பாலும் அதுவே போதும். போதாத நாளும் உண்டு. அப்போது, "இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல, உங்க மேல கோபம் இல்ல" என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.

கோபத்தை விழுங்கிவிட்டு உம்மென்று இருப்பதையும் சிலர் நிதானம் என்று நினைக்கிறார்கள். நானும் சில மாதங்கள் அப்படித்தான் இருந்தேன். பேசாத முகமும் கூண்டுதான். இன்னும் சொன்னால், எண் தெரியாத கூண்டு.

பிரச்சினை என்று யாராவது வந்தால் "யாரு பண்ணது?" என்பதுதான் வாயில் முதலில் வரும். அதை "சரக்கு இப்ப எங்க இருக்கு?" என்று மாற்ற எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஐஸ் விஷயத்தில் திட்டு வாங்கிய பிள்ளையிடம் தனியாக மன்னிப்புக் கேட்கலாம் என்று முதலில் நினைத்தேன். திட்டியது எல்லார் முன்பும் என்பதால் எல்லார் முன்பும்தான் கேட்டேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிரித்த கிலோவுக்குக் கூலி வாங்கும் பெண்ணிடம், சரக்கு கெட்டால் கூலியில் பிடிப்போம் என்று விதி வைத்துக்கொண்டு மேலாளர் எவ்வளவு மூச்சுப் பயிற்சி செய்தாலும் அந்தப் பெண் வாயைத் திறக்க மாட்டார். திறக்கவும் கூடாது, அவர் வீட்டு அடுப்பு அதை நம்பி எரிகிறது. அந்தப் பிடித்த விதி நீக்கப்பட்ட பிறகுதான் எங்களிடம் பேச்சே தொடங்கியது. நிர்வாகத்தோடு அதற்காக மூன்று தடவை வாதாட வேண்டியிருந்தது. தன்னைக் கவனிப்பது என்றால், தன் கையில் இருக்கும் அதிகாரம் யார் வயிற்றில் படுகிறது என்று கவனிப்பதும்தான்.

போன வாடைக்காலத்தில் ஒரு நாள், இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளை. "மேடம், ரூம் ஆறு காட்டுது. கதவைச் சரியாச் சாத்தாம விட்டது நான்தான்."

என் தாடை இறுகுவது எனக்கே தெரிந்தது. மூச்சை விட்டேன். "சரி பாப்பா, சதையில குத்திப் பாரு. ஐஸ் எவ்வளவு இருக்கு?"

சதை நாலில் இருந்தது. மேலே ஐஸ் போட்டார்கள். ரிஜிஸ்டரில் என்ன எழுதுவது என்று கேட்டாள். ஆறு என்றே எழுதச் சொன்னேன். காலையில் போய்ப் பார்த்தேன். 3, 4, 3, 6, 5, 4 என்று அந்த இரவு ஏற்ற இறக்கமாக இருந்தது. ஆறுக்குப் பக்கத்தில் அவள் தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள்.