ஈரக் கணையத்துக்கு ஒட்டுக் கட்டுவது

சந்தூரில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டியே காலம் தள்ளியவர் என் பெரியப்பா. போன வருஷம் அவருக்குக் கண் மஞ்சளானது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப் போயிருந்தது. காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததில் மூன்று வாரம் போய்விட்டது. வலியில்லாமல் வருகிற காமாலைக்கு முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எடுத்தபோது கணையத்தின் தலையில் கட்டி. பித்தநாளம் அந்தக் கட்டிக்குள்ளே நெரிபட்டு அடைத்திருந்தது.

பெங்களூருவில் ஆபரேஷன் என்று முடிவானதும் அவர் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “வெட்டி எடுக்கறீங்க, சரிங்க. மிச்சத்த எதுல கொண்டுபோய் ஒட்டுவீங்க?”

தொண்ணூறு வருஷமாக அறுவை மருத்துவர்களைத் தூங்கவிடாத கேள்வி அது.

கணையத்தின் தலை முன்சிறுகுடலின் வளைவுக்குள் பதிந்து கிடக்கிறது. இரண்டுக்கும் ரத்தக்குழாய்கள் பொது என்பதால் தனியாகப் பிரிக்க முடியாது. கட்டியை எடுக்கும்போது கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் அடிப்பகுதி எல்லாம் சேர்ந்தே வெளியே வரும். பிறகு மூன்று இணைப்புகள்: பித்தநாளத்துக்கு ஒன்று, இரைப்பைக்கு ஒன்று, மிச்சக் கணையத்துக்கு ஒன்று. முதல் இரண்டும் பெரும்பாலும் ஒழுங்காக ஆறிவிடும். பயமெல்லாம் மூன்றாவதில்தான்.

நியூயார்க்கின் ஆலன் விப்பிள் 1935-இல் இந்த அறுவையைப் பற்றி எழுதினார். அவருக்கு முன்பே, 1909-இல், பெர்லினில் வால்தர் காவ்ஷ் இதைச் செய்திருந்தார். விப்பிளின் முதல் நோயாளிக்குத் தைத்தது விலங்குக் குடலில் செய்த கேட்கட் நூல். கணைய நீர் அந்த நூலையே செரித்துவிட்டது; இணைப்பு பிரிந்து நோயாளி இறந்தார். அதன்பின் விப்பிள் பட்டு நூலுக்கு மாறினார். மிச்சக் கணையத்தைக் குடலோடு சேர்க்காமல் வாயை மூடித் தைத்தார்.

கணையம் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் சுரக்கிறது. அதிலுள்ள டிரிப்சின் புரதத்தை அறுக்கும் நொதி. கணையத்துக்குள் இருக்கும்வரை அது தூங்குகிறது. சிறுகுடல் சவ்விலுள்ள வேறொரு நொதி தொட்டால்தான் விழிக்கும். இணைப்பில் கசிவு வந்து, குடல் நீரும் கணைய நீரும் வயிற்றுக்குள் கலந்தால், விழித்த டிரிப்சின் பக்கத்திலிருக்கும் ரத்தக்குழாய்ச் சுவரையே அரிக்கும். கசிவைவிட அதன்பின் வரும் ரத்தப்போக்குதான் ஆளைக் கொண்டுபோகிறது.

இணைக்க வழி பல. கணைய முனையை அப்படியே சிறுகுடலுக்குள் செருகி, சுற்றிலும் தைப்பது ஒன்று. கணையத்தின் நடுவில் ஓடும் நாளத்தைக் குடலின் உட்சவ்வோடு நேருக்கு நேர் வைத்துத் தைப்பது இன்னொன்று. அந்த நாளம் பலருக்கு மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது, ஈர்க்குச்சி நுழைகிற அளவு. பெரியப்பாவுக்கு இது சட்டென்று புரிந்தது. ஒட்டுக்குச்சியின் பச்சைப் படலமும் நாற்றின் பச்சைப் படலமும் தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும். பாலிதீன் கட்டு அசையாமல் பிடித்து வைப்பதற்கு மட்டுமே. இங்கேயும் தையல் தற்காலிகக் கட்டுதான். சவ்வும் சவ்வும் சேர்ந்து ஆறுவதுதான் உண்மையான இணைப்பு.

அப்படியானால் சவ்வோடு சவ்வு சேர்ப்பதே மேல் என்றுதான் எனக்கும் தோன்றியது. 2009-இல் அமெரிக்காவில் 197 பேரை வைத்து நடந்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: நாளத்தைச் சவ்வோடு தைத்த நோயாளிகளில் 24 சதவீதத்தினருக்குக் கசிவு, செருகித் தைத்த நோயாளிகளில் 12 சதவீதத்தினருக்கு. வேறு ஆய்வுகளில் இந்த வித்தியாசம் வரவில்லை.

குடலே வேண்டாம், கணையத்துக்கு முன்னால் கிடக்கும் இரைப்பையின் பின்சுவரில் சேர்க்கலாம் என்பது மூன்றாவது வழி. காரணம் கவர்ச்சியானது. இரைப்பைச் சுவர் தடிமன், ரத்த ஓட்டம் அதிகம், டிரிப்சினை எழுப்பும் நொதி அங்கே இல்லை. 2013-இல் பெல்ஜியத்தில் 329 பேரிடம் செய்த ஆய்வில் இரைப்பையோடு சேர்த்தவர்களுக்குக் கசிவு 8 சதவீதம், குடலோடு சேர்த்தவர்களுக்கு ஏறத்தாழ 20. இனி எல்லாரும் இரைப்பைதான் என்று நினைத்தார்கள். 2016-இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில் கணக்கில் எடுத்த 320 பேரில் இரைப்பைக்கு 20 சதவீதம், குடலுக்கு 22. வித்தியாசமே இல்லை.

ஏன் இப்படி? என் புரிதலில், கசிவு பெரும்பாலும் தையலுக்கு முன்பே பாதி தீர்மானமாகிவிடுகிறது. கல்லுப்போன்ற பெங்களூரா மாங்காயில் ஊசி நூல் கோத்து இழுத்துப் பாருங்கள், முடிச்சு நிற்கும். கனிந்த மல்கோவாவில் இழுத்தால் நூல் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஆரோக்கியமான கணையம் மல்கோவா ரகம். நாள்பட்ட அழற்சியில் இறுகி, நாளம் விரிந்துபோன கணையம்தான் தையலைத் தாங்கும். நம் தென்னிந்தியாவில் கணையத்தில் கல் விழுந்து இறுகிப்போகிற நோய் உண்டு. ஆளை வாட்டியெடுக்கும் அந்த இறுக்கமே தைக்கும் கைக்கு உதவுகிறது. கட்டி சீக்கிரம் தெரிந்து, நாளம் இன்னும் விரியாமல், சதை மெத்தென்று இருப்பவருக்குத்தான் கசிவு ஆபத்து கூடுதல்.

மென்மையான கணையத்தைக் கிழிக்காமல் தைக்கப் பார்ப்பது பிளம்கார்ட் முறை. ஓரத்தை மட்டும் குத்தாமல், கணையத்தின் முழுத் தடிமனையும் ஊடுருவி லாட வடிவில் சில தையல்கள் போட்டு, குடல் சுவரை அதன்மேல் போர்வைபோல் இழுத்து மூடுவார்கள். இழுவிசை ஒரு புள்ளியில் விழாமல் பரவும். பெரியப்பாவுக்கு இதைத்தான் செய்தார்கள். இன்ன முறை என்பதைவிட, அந்தக் கை அதே முறையை எத்தனை தடவை செய்திருக்கிறது என்பதை நான் முதலில் கேட்பேன். வருஷத்துக்கு நிறைய பேருக்கு இந்த அறுவை செய்யும் ஆஸ்பத்திரிகளில் இறப்பு குறைவு என்பது பல நாடுகளில் உறுதியான விஷயம்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், வயிற்றிலிருந்து நீர் வடிய வைத்திருந்த டிரெயின் குழாயில் வந்த நீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் கணையம் சுரக்கும் அமிலேஸ் நொதி, ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு என்று சந்தேகிப்பார்கள். கட்டிலில் சாய்ந்தபடி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தவர், நர்ஸ் வந்து குழாயை எடுக்கலாம் என்றதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: “துளிர் விட்டுருச்சு கண்ணு.”