அலையாற்றல் வளம்: சொல் விளக்கம்

கடலலையிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றி எழுதும்போது ‘வேவ் எனர்ஜி பொட்டன்ஷியல்’ என்ற தொடர் எதிர்ப்படும். ‘அலையின் நிலையாற்றல்’ என்று எழுதத்தான் கை போகும்; ‘பொட்டன்ஷியல் எனர்ஜி’ என்றால் நிலையாற்றல் என்று பள்ளி இயற்பியல் பழக்கியிருக்கிறது. இங்கே அது பெரும்பிழை. அலையின் ஆற்றலில் ஏறத்தாழச் சரிபாதிதான் நிலையாற்றல். நீர் தன் மட்டத்திலிருந்து உயர்வதாலும் தாழ்வதாலும் வருவது அது. மறுபாதி, நீர் சுழன்று அசைவதால் வரும் இயக்க ஆற்றல். ‘நிலையாற்றல்’ என்று எழுதினால் பாதி அலை கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

பொட்டன்ஷியல் என்பதன் மூலம் லத்தீன். ‘போஸ்ஸே’ என்றால் இயலுதல். ‘பொட்டென்ஷியா’ என்றால் வல்லமை. ‘பொட்டன்ஷியல் எனர்ஜி’ என்ற தொடரை 1853இல் ஆக்கியவர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின். அவர் தொடரில் அந்தச் சொல் முன்னால் நின்று ஆற்றலின் வகையைச் சொல்கிறது. நம் தொடரில் பின்னால் நின்று, ஓரிடத்தில் எவ்வளவு ஆற்றல் கிடைக்கக்கூடும் என்று சொல்கிறது. இடம் மாறியதால் பொருளும் மாறிவிட்டது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘அலையாற்றல் திறன்’ ஒத்துவராது. ஆற்றல் என்ற சொல்லுக்குள்ளேயே ‘ஆற்று’ என்ற வினை இருக்கிறது. செய்ய வல்லது என்ற பொருள் அங்கேயே வந்துவிடுகிறது. மேலும் பாடநூல்களில் திறன் என்றால் வாட்டில் அளக்கும் அளவு. ‘வாய்ப்பு’ என்பதோ எதையும் அளந்து சொல்லாது. என் தேர்வு ‘வளம்’. நீர்வளம், மீன்வளம், கனிமவளம் என்று ஓரிடத்தில் இருப்பதை, அளந்து எடுக்கத்தக்கதை, நாம் அப்படித்தான் சொல்லி வருகிறோம். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 2015இல் இதற்கென வெளியிட்ட விவரக்குறிப்பும் ‘வள மதிப்பீடு’ என்ற பொருள்தரும் சொல்லையே தலைப்பில் வைத்திருக்கிறது.

‘அலை’ அலைதல் என்ற வினையோடு உறவுடைய சொல். காற்று கடல்மேல் வீசி எழுப்புவது அது. நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் ஏறி இறங்குவது ஓதம். ஓத மின்சாரம் வேறு, அலை மின்சாரம் வேறு.

இந்த வளத்தை வெயிலைப் போலச் சதுர மீட்டருக்கு அளப்பதில்லை. அலை முகட்டின் நீளத்தில் ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோவாட் என்று சொல்வார்கள். ஆழ்கடலில் எளிய கணக்கு ஒன்று உண்டு. அலை உயரத்தின் இருமடியை (உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி வருவதை) அலைவு நேரத்தால், அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே கழியும் நொடிகளால், பெருக்கிப் பாதியாக்கினால் போதும். 2 மீட்டர் உயரம், 8 நொடி என்றால் மீட்டருக்குச் சுமார் 16 கிலோவாட். உயரம் 4 மீட்டரானால் அதுவே 64. உயரத்தை அளப்பதில் நேரும் சிறு தவறும் விடையில் பெருகிவிடும் என்பதால்தான் மிதவை, செயற்கைக்கோள், கணினி மாதிரி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அந்த உயரம் ஒற்றை அலையின் உயரமன்று. பதிவான அலைகளில் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரியை எடுப்பது மரபு. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘சிக்னிஃபிகன்ட் வேவ் ஹைட்’. அதைக் ‘கணிசமான அலை உயரம்’ என்று மொழிபெயர்த்தால் ‘பெரிய அலை’ என்றே படிப்பவர் புரிந்துகொள்வார். ‘குறிப்பலை உயரம்’ என்பது நன்றாகப் பொருந்துகிறது.

வளத்திலும் படிநிலைகள் உண்டு. கடலில் உள்ளது முழுவதும் கோட்பாட்டு வளம். கருவிகளால் பிடிக்க முடிவது தொழில்நுட்ப வளம். கப்பல் வழி, மீன்பிடிப் பரப்பு, மின்கம்பித் தொலைவு எல்லாம் கழித்து மிஞ்சுவது நடைமுறை வளம். ஆகவே ‘அலையாற்றல் வளம் மீட்டருக்கு 16 கிலோவாட்’ என்று எழுதும்போது அது இவற்றில் எது, எந்த ஆழத்தில், ஆண்டுச் சராசரியா ஒரு பருவத்துக்கு மட்டுமா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.