பளபளக்க வேண்டிய கறுப்பு ஏன் வெளுத்துப் போகிறது?

பிளாஸ்டிக் கார் மாடலுக்கு, வேகமாகக் காயும் பெயிண்டான லேக்கரைக் கறுப்பு நிறத்தில் ஸ்பிரே கேனால் அடிக்கிறீர்கள். அடித்த கையோடு பார்த்தால் முகம் தெரிகிற பளபளப்பு. பத்து நிமிடத்தில் பானட்டும் கூரையும் வெள்ளை பூத்துக் கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றில் இது அடிக்கடி நடக்கும். கேனில் ஒரு குறையும் இல்லை. காற்றிலிருந்த தண்ணீர் பெயிண்டில் இறங்கிவிட்டது.

ஸ்பிரே பெயிண்டில் நிறமி, பிசின், இரண்டையும் சுமந்து வரும் கரைப்பான், வெளியே தள்ளும் வாயு என நான்கு பொருட்கள். கரைப்பான் ஆவியாகிப் போக வேண்டும், நிறமியும் பிசினும் படலமாகத் தங்க வேண்டும். கரைப்பான் எங்கே, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதில்தான் பெரும்பாலான கோளாறுகளும் பிறக்கின்றன.

ஆவியாகும் திரவம் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான். லேக்கர் கரைப்பான் வேகமாகப் பறப்பதால் பெயிண்டின் மேல்பரப்பு சட்டென்று குளிர்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 27 டிகிரி. மூன்று டிகிரி குளிர்ந்தாலே நீர் படிந்துவிடும். ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் பனிநிலை 18 டிகிரிக்கு இறங்கிவிடும், அவ்வளவு எளிதில் நீர் படியாது. படிந்த நீரில் பிசின் கரையாது. சரியாகச் சேராமல் நுண்ணிய குழிகளோடு இறுகிவிடுகிறது. அந்தக் குழிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் கறுப்பு வெளுத்துத் தெரிகிறது.

இதற்காக எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. வெயில் காயும் ஒரு நாளில், ஈரப்பதம் குறையும் பிற்பகலில், அதே லேக்கரை மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் போதும். புதுக் கரைப்பான் பழைய படலத்தை இளக்கும், குழிகள் மூடிக்கொள்ளும். பெரும்பாலும் பளபளப்பு திரும்பிவிடும்.

கோடை நடுப்பகலில் மொட்டை மாடியில் அடித்தால் தொல்லை நேர்மாறு. துளி பறந்து வரும்போதே பாதி காய்ந்துவிடுகிறது. மேற்பரப்பு இழுவிசை அதைப் பரப்பிச் சமன்படுத்த நேரமே கிடைக்காது. கொஞ்சம் காய்ந்து விழுந்தால் ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம், நிறையக் காய்ந்து விழுந்தால் மணல் சொரசொரப்பு. 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் கேனைப் பிடித்து, மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நின்றால் வழியும். கேனை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தால் அழுத்தம் கூடும், பெயிண்ட் இளகும், துளிகள் சிறிதாகும். கொதிநீர், அடுப்பு இரண்டும் கூடவே கூடாது, கேன் வெடிக்கும்.

பெயிண்ட் விலகி, வட்டவட்டமாகப் பிளாஸ்டிக் தெரிந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது: பாகங்களை அச்சில் வார்க்கும்போது ஒட்டிய எண்ணெய், விரல் ரேகை அல்லது சிலிக்கோன். பாத்திர சோப்பால் கழுவினால் முதல் இரண்டும் போய்விடும். சிலிக்கோன்தான் பொல்லாதது. அது கலந்த கார் டேஷ்போர்டு பாலிஷ் அடித்த அறையில் பெயிண்ட் வேலையே வேண்டாம்.

எனாமல் என்ற இன்னொரு வகைப் பெயிண்டின் மேல் லேக்கர் அடித்து, பரப்பு முழுக்கச் சுருங்கிப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும். கரைப்பான் போனதும் எனாமலின் வேலை முடிந்துவிடாது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, நாட்கணக்கில் மெல்ல இறுகும். பாதி இறுகிய நிலையில் லேக்கர் கரைப்பான் உள்ளே புகுந்தால் படலம் கரையவும் முடியாது, ஊதிப் பெருகப் பக்கவாட்டில் இடமும் இல்லை. மேலே மடிந்துகொள்கிறது. நன்றாக இறுகிய எனாமலும் கனமான லேக்கர் கோட்டைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. லேக்கர் கீழே, எனாமல் மேலே என்பதே பாதுகாப்பான வரிசை. எனாமல் மேலேயே எனாமல் அடிப்பதென்றாலும் மாடலை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். பெயிண்ட் வாசனை அடித்தால் இன்னும் காயவில்லை.

அப்புறம், கேனையே மாற்றி வாங்கிவிடும் தொல்லை ஒன்று உண்டு. பெரும்பாலான மாடல் கிட்டுகள் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. ஹார்டுவேர் கடையில் இரும்புக்கென விற்கும் ஸ்பிரேக்களில் உள்ள அசிட்டோன், டொலுயீன் போன்றவை அதையே கரைக்கும்; நுண்ணிய கோடுகளும் ரிவெட்டுகளும் மழுங்கிவிடும். ஜப்பானின் டமியா மாடல் நிறுவனம்கூட பாலிஸ்டைரினுக்கு டிஎஸ் (TS), ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக் உடலுக்கு பிஎஸ் (PS) என்று தனித்தனி வரிசை வைத்திருக்கிறது. சந்தேகம் இருந்தால், பாகங்களை வெட்டியபின் மிஞ்சும் சட்டகத் துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள். அதுவும் அதே பிளாஸ்டிக்தான்.