மங்கி பஸில் மரம்: அர்த்தம் என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் போனவங்க இந்தப் பேரை கேட்டிருப்பீங்க, "இதுல குரங்கு ஏறவே ஏறாது சார்"னு சொல்லி கூட்டிட்டு போய் காட்டுவாங்க. நேரடி அர்த்தமும் அதான், குரங்கையே முழிக்க வைக்கிற மரம். தமாஷ் என்னன்னா மரத்தோட சொந்த ஊர் சிலி, அர்ஜென்டினா பக்கம் ஆண்டிஸ் மலை, அந்தக் காட்டுல குரங்கே கிடையாது!

பேர் வந்தது இங்கிலாந்துல. 1795ல ஆர்ச்சிபால்ட் மென்சீஸ்ங்கிற கப்பல் டாக்டர் சிலியில விருந்துக்கு போனப்போ சாப்பிட குடுத்த கொட்டைய பாக்கெட்ல போட்டுட்டு வந்து கப்பல்லயே முளைக்க வச்சார்னு ஒரு கதை உண்டு, அப்படி வந்த கன்னுல ஒண்ணு லண்டன் கியூ கார்டன்ல 1892 வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் பணக்காரங்க தோட்டத்துக்கெல்லாம் இது ஃபேஷன் ஆயிடுச்சு. கார்ன்வால்ல பென்காரோங்கிற பங்களாவுல இத பாத்த ஒரு வக்கீல், இதுல ஏறணும்னா குரங்கே முழிக்கும்னு ஜோக் அடிச்சாராம், அதுவே பேரா ஒட்டிக்கிச்சு. பிரெஞ்சுக்காரங்க ஒரு படி மேல போய் "குரங்குகளோட விரக்தி"ன்னே வச்சிட்டாங்க.

இலைய தொட்டுப் பாத்தா ஜோக் புரியும். தடிமனா, முக்கோணமா, நுனி ஊசி மாதிரி, கிளைய சுத்தி ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கமா அடுக்கியிருக்கும், லேசுல உதிராது, பல வருஷம் அப்படியே நிக்கும். இந்தக் குடும்பம் டைனோசர் காலத்துது. இங்கிலாந்து விட்பி கடற்கரையில கிடைக்கிற ஜெட்ங்கிற கருப்புக் கல் இருக்குல்ல, விக்டோரியா ராணி துக்க நகையா போட்டாங்களே, அது இதோட சொந்தக்கார மரம் ஜுராசிக் காலத்துல புதைஞ்சு ஆனதுதான்.

தாவரவியல் பேர் அரவுகாரியா அரவுகானா. அரவுகோங்கிற இடத்த வச்சு ஸ்பானியர்கள் அங்க இருந்த மபூச்சே மக்கள அரவுகானோன்னு கூப்பிட்டாங்க, அந்தப் பேரு மபூச்சேக்களுக்கே பிடிக்காது. அவங்க மரத்துக்கு வச்ச பேர் பெவென். அதோட கொட்டைய வேகவச்சு, வறுத்து, மாவாக்கி சாப்பிட்டு வாழ்ற மலைவாழ் மக்கள் கூட்டத்துக்கு பெவென்சே, அதாவது பெவென் மக்கள்னு பேரு. சே-ன்னா மக்கள். மரத்த வச்சு ஒரு இனத்துக்கே பேரு, நாம குரங்க பிடிச்சு தொங்கிட்டிருக்கோம். சிலி அரசு 1976ல இத இயற்கைச் சின்னமா அறிவிச்சு, நடுவுல தளர்த்தி, 1990ல திரும்ப வெட்டத் தடை போட்டுச்சு.

தமிழுக்கு வருவோம். குரங்குப் புதிர் மரம்னு எழுதுனா ஏதோ விடுகதை மாதிரி இருக்கு. பேச்சுக்கு "குரங்கேறா மரம்" நல்லாருக்கு, ஒரே மூச்சுல வாய்ல வருது. கட்டுரை எழுதுறவங்க பெவென் மரம்னே எழுதலாம், இது மாதிரி மரங்க எல்லாத்துக்கும் பொதுவா அரவுகாரியா போதும். நர்சரில கிறிஸ்துமஸ் ட்ரீன்னு தொட்டில விக்கிறாங்களே, அடுக்கடுக்கா கிளை விட்டு, அதுவும் பெரும்பாலும் அரவுகாரியாதான், ஆனா பசிபிக் தீவுக்கார வேற இனம், அத மங்கி பஸில்னு சொல்லி வித்தா வாங்காதீங்க.