கேம் ஏறலையா? டிஃபெண்டரில் கை வைக்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை என் லேப்டாப் ரிப்பேர் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கூட முடிக்கவில்லை, அப்பாவும் மகனுமாக வந்து நின்றார்கள். அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். பையன் பிளஸ் டூ எழுதிவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருக்கிறான். லேப்டாப்பைத் திறந்தேன். கொலுசு டிசைன் படங்கள் எல்லாம் வெள்ளைக் காகித ஐகானாகக் கிடந்தன. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நாலு எழுத்து வால். எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் 'ரீட்மீ' என்று ஒரு நோட்பேட் ஃபைல். அதில் என்ன இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். ஃபைல்களைப் பூட்டியவன் அவற்றைத் திறக்க ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாகக் கேட்பான், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை என்பான்.

"என்னப்பா பண்ணின?"

"கேம் ஏறலண்ணா. வீடியோல டிஃபெண்டரை ஆஃப் பண்ணச் சொன்னாங்க, பண்ணினேன். அப்புறம் விண்டோஸ் அப்டேட் ஓடிச்சு. நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு அப்படியே விட்டுட்டேன்."

டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ். அதை அணைத்த பிறகு ஓடிய அந்த 'அப்டேட்' தான் திருடன். ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று சொல்லப்படும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) குடும்பம் 2018-லிருந்து சுற்றுகிறது. ஃபைல்களைப் பூட்டும் நேரத்தில் போலி அப்டேட் திரையைக் காட்டி ஆளை உட்கார வைப்பது அதன் பழைய வித்தை. இது பெரும்பாலும் வருகிற வழியும் எங்களுக்குத் தெரிந்ததுதான்: கிராக் செய்த கேம், கிராக் செய்த சாஃப்ட்வேர். லீவு விட்டதிலிருந்து என் மேஜைக்கு வந்ததில் இது நாலாவது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கடுப்பாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வரும் தம்பிகள் எல்லோரும் ஒரே வசனம் பேசுகிறார்கள். "அண்ணா, அது சும்மா ஃபால்ஸ் பாசிட்டிவ். எல்லா கிராக்குக்கும் ஆன்டிவைரஸ் அப்படித்தான் கத்தும்." அதாவது ஆபத்தில்லாததைப் பார்த்து அடிக்கும் பொய் மணி. இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் ஆபத்து. கிராக் என்பதே கேமின் பூட்டை உடைக்க அதன் ஃபைலில் கை வைப்பது. அதனால் உள்ளே வேறு விஷமம் இல்லாத கிராக்கைப் பார்த்தும் டிஃபெண்டர் கத்தத்தான் செய்யும். பத்து தடவை கத்தி ஒன்றும் ஆகவில்லை என்றதும் உங்களுக்குப் பழகிவிடுகிறது. பதினோராவது தடவை நிஜமான திருடன் வரும்போதும் அதே கத்தல்தான், அதே சிவப்பு எழுத்துதான். உங்களால் பிரித்துப் பார்க்க முடியுமா? இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கும் என்னால் முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். கிராக் கொடுப்பவன் டிஃபெண்டரை ஏன் உங்கள் கையால் ஆஃப் செய்யச் சொல்கிறான்? விண்டோஸில் டேம்பர் புரொடெக்ஷன் என்று ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் புரோகிராம் டிஃபெண்டரை அணைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். வெளியே நிற்பவனுக்கு எட்டாத தாழ்ப்பாளை உள்ளேயிருந்து நீங்கள் திறந்துவிடுகிறீர்கள். அதே போல, டவுன்லோடு செய்த ஜிப் ஃபைலுக்கு ஒரு பாஸ்வேர்டு இருக்கும். அந்தப் பாஸ்வேர்டையும் பக்கத்திலேயே எழுதிப் போட்டிருப்பான். பூட்டிவிட்டு சாவியை வாசலிலேயே தொங்கவிட என்ன காரணம்? ஸ்கேனர் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்டீம், எபிக் மாதிரி ஆன்லைன் கேம் கடைகளில் முறையாக வாங்கிய கேம், முதலில் டிஃபெண்டரை அணைத்துவிட்டு வா என்று நிபந்தனை போட்டு நான் பார்த்ததே இல்லை.

சரி, அப்படியானால் கேம் ஏன்தான் ஏறுவதில்லை? நூற்றுக்குத் தொண்ணூறு என்றெல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் என் மேஜைக்கு வருவதில் பெரும்பாலானவை அலுப்பூட்டும் காரணங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒரு பையன் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி பஸ்ஸில் வந்தான், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு. நண்பனிடமிருந்து பென்டிரைவில் கேம் வாங்கியிருக்கிறான். 64 ஜிபி பென்டிரைவ், முழுக்கக் காலி, ஆனாலும் ஒரு ஃபைல் மட்டும் காப்பி ஆகவில்லையாம். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஏற்றப் பார்த்திருக்கிறான். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தது. அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, டிரைவ் எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஆயிற்று. கணினி அதைத் திரையில் சொல்லியும் இருக்கிறது: இந்த இடத்துக்கு ஃபைல் பெரியது என்று. "படிச்சியா?" என்றேன். "க்ளோஸ் பண்ணிட்டேண்ணா." அந்த மூன்று நிமிட வேலைக்குக் காசு வாங்க மனசு வரவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

எரர் மெசேஜைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் மொபைலில் போட்டோ எடுங்கள். "என்னமோ வந்துச்சுண்ணா" என்று வந்து நிற்காதீர்கள்.

இட விஷயம் அடுத்தது. 2015-ல் ஜிடிஏ 5 கணினிக்கு வந்தபோது டிஸ்க்காக வாங்கியவர்களுக்கு ஏழு டிவிடி. இன்று அதுவே 100 ஜிபியைத் தாண்டுகிறது. டி டிரைவில் இடம் இருக்கிறதே என்பீர்கள். கேமை டி-யில் போடச் சொன்னாலும் பல செட்டப்புகள் மூட்டையைப் பிரிப்பது சி டிரைவின் டெம்ப் ஃபோல்டரில்தான். அங்கே இடமில்லை என்றால் பாதியில் நின்றுவிடும். ரீபேக் கேம்களில் (சுருக்கி மூட்டை கட்டியவை) ஐஎஸ்டன் டிஎல்எல் என்று ஒரு எரர் வருமே, அதற்கு இட நெருக்கடி, ரேம் பற்றாக்குறை, உடைந்த டவுன்லோடு மூன்றுமே காரணமாக இருக்கலாம். மழைக்காலத்தில் மலைமேல் நெட் விட்டு விட்டு வரும்போது பிரவுசரில் 40 ஜிபி இறக்கினால் ஃபைல் உடையாமல் என்ன செய்யும்? ஸ்டீம் விட்ட இடத்திலிருந்து தொடரும், இறக்கியதைச் சரிபார்க்கவும் செய்யும்.

512 ஜிபி மெமரி இருக்கே என்று சொல்பவர்களுக்கு: அது டிஸ்க். ரேம் வேறு. இதை இதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

கன்ட்ரோல் பேனலில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று வரிசையாக ஏழெட்டு இருக்கும், கேம்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் துணைத் தொகுப்புகள். ஒன்றே பல தடவை ஏறியிருக்கிறது என்று நினைத்து ஒரு புண்ணியவான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்தார். அவை வெவ்வேறு வருஷத்தவை, 32 பிட் தனி, 64 பிட் தனி, எல்லாமே வேண்டும். ஏதோ ஒரு டிஎல்எல் (புரோகிராம் ஓடத் தேவையான துணை ஃபைல்) காணோம் என்று எரர் வந்தால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அந்தத் தொகுப்பையே ஏற்றுங்கள். டிஎல்எல்லை மட்டும் தனியாகத் தரும் தளங்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் ஏறவில்லையா? விண்டோஸ் எஸ் மோடில் இருக்கும். வெளியே வரக் காசில்லை, ஆனால் திரும்ப உள்ளே போக முடியாது. விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்களை ஸ்டீம் 2024 ஜனவரியோடு கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 11-ல் வேலரன்ட் கேம் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் பயாஸ் அமைப்பில் ஆன் செய்ய வேண்டிய வேலை அது, தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம், சித்திரை வெயிலில் மெத்தைமேல் வைத்து 80 ஜிபி கேமை ஏற்றினால் சூட்டில் தானே அணைந்துபோகும். மேஜையில் வையுங்கள், சாமி.

காசில்லை என்பீர்கள். புரிகிறது, நானும் அந்த வயசைத் தாண்டித்தான் வந்தேன். எபிக் 2018 டிசம்பரிலிருந்து இலவசமாகக் கேம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஸ்டீமில் யுபிஐயில் வாங்கலாம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், ஓடவில்லை என்று திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். உங்கள் லேப்டாப் தாங்குமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எது?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தொழில் கணக்கு இருக்கும் லேப்டாப்பைப் பையனுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் அட்மின் அனுமதி இல்லாத தனி அக்கவுன்ட் போட்டுக் கொடுங்கள். முக்கியமான ஃபைல்களை வாரத்துக்கு ஒருமுறை எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி எடுத்து, டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான். ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? உடனே நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், ஏனென்றால் இதோடு சேர்ந்து பாஸ்வேர்டு திருடியும் வருவதுண்டு. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் கட்டாதீர்கள். பையனை அடிக்காதீர்கள், அடுத்த தடவை மறைத்துவிடுவான்.

கொலுசுப் பட்டறைக்காரர் கதைக்கு வருகிறேன். எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட இலவச டிக்ரிப்டரை (பூட்டைத் திறக்கும் புரோகிராம்) ஓட்டிப் பார்த்தேன். இவருடையது ஆன்லைன் கீயில், அதாவது திருடனின் சர்வரில் இருக்கும் சாவியில் பூட்டியது, திறக்கவில்லை. இந்த வகை ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும் என்பதால் பெரிய வீடியோக்களைச் சில சமயம் மீட்கலாம். பட்டறைத் திறப்பு விழா வீடியோ அப்படித்தான் கிடைத்தது. படங்கள் சின்னவை, போயே போய்விட்டன. பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் ஒரு டிஸ்கில் போட்டுக் கொடுத்தேன், என்றாவது கீ கிடைத்தால் ஆகும்.

கடைசியில் கை கொடுத்தது வாட்ஸ்அப். டிசைன்களை ஈரோட்டு வியாபாரி ஒருவருக்கு அனுப்பி வைத்திருந்தார். பையன் இரண்டு நாள் என் கடையிலேயே உட்கார்ந்து, அவர் திருப்பி அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பெயர் போட்டான். தரம் குறைந்த படங்கள்தான், ஆனால் முத்து எண்ணுகிற அளவுக்குத் தெரிந்தது.

அவன் கிளம்பிய பிறகு ஒரு ஆர்வத்தில், அந்த கேம் முதலில் எதனால் நின்றது என்று பார்த்தேன். சி டிரைவில் 9 ஜிபிதான் மீதம் இருந்தது.