வலிக்காமல் வளரும் மொட்டு

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் இருந்த எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு வருஷமாக வெளிக்குப் போகும்போது ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. "சூட்டு உடம்பு கண்ணு, எளநி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்பார். அப்புறம் அதற்கு மூலம் என்று பெயர் வந்தது. லேகியமும் கருணைக்கிழங்கும் நடந்தன. வலி இல்லாததால் வீட்டில் யாரும் பயப்படவில்லை. 58 வயதில் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது கல்லீரல்வரை போயிருந்தது.

வலி இல்லாததுதான் இந்த நோயின் ஆபத்தே.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் லட்சக்கணக்கான குட்டிக் குழிகள் தெரியும். நம் தோட்டத்துக் கிணறு மாதிரி நேராகக் கீழே இறங்கும் குழிகள். அடியில் இருக்கும் தாய்ச்செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். பிறந்த செல்கள் பக்கச் சுவரோடு மேலே ஏறி, நாலைந்து நாளில் விளிம்புக்கு வந்து உதிர்ந்துவிடும். கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒரு தடவை குடல் தன் உள்தோலைப் புதுப்பித்துக்கொள்கிறது.

இவ்வளவு வேகமாகச் செல் பிரியும் இடத்தில், மரபணுவை நகலெடுக்கும்போது பிழை விழத்தான் செய்யும். ஏபிசி என்ற மரபணு இங்கே பிரேக் மாதிரி. அதன் இரண்டு பிரதியும் கெட்டுப்போனால், உதிர வேண்டிய செல் உதிராமல் அங்கேயே பெருகும். மொட்டுப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும் அதைத்தான் டாக்டர்கள் பாலிப் என்கிறார்கள். பெரும்பாலான பாலிப்கள் புற்றாக மாறுவதில்லை. சில மட்டும் மேலும் மேலும் பிழைகளைச் சேர்த்துக்கொண்டு மாறுகின்றன. அதற்குப் பொதுவாகப் பத்து வருஷம் போல ஆகும். குடல் இழுபட்டாலோ உப்பினாலோதான் நமக்கு வலிக்கும். உட்சுவரை வெட்டினாலும் வலி தெரியாது. அதனால் அத்தனை வருஷமும் அந்த மொட்டு சத்தமில்லாமல் இருக்கும்.

ஆனாலும் அது ஒரு தடயம் விடுகிறது. மலம் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியும். அதைப் பிடிப்பதுதான் 'ஃபிட்' எனப்படும் மலப் பரிசோதனை. மனித ரத்தத்திலுள்ள குளோபின் புரதத்தோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள் அதில் இருக்கிறது. முதல்நாள் நோம்பி விருந்தில் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டிருந்தாலும் அது ஏமாறாது. வயிற்றுப் புண்ணிலிருந்து கசியும் ரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரித்துவிடும். ஆகவே இதில் சிக்குவது பெரும்பாலும் பெருங்குடல் ரத்தம்தான். பாலிப் தினமும் கசியாது என்பதால் இதை வருஷத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். ரத்தம் இருப்பதாக வந்தால் புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் அடுத்து கொலோனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும்.

முதல்நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தமாக்குவதுதான் அதில் சிரமமான பகுதி. மறுநாள் மயக்க மருந்து கொடுத்து, கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாக உள்ளே விடுவார்கள். பாலிப் கண்ணில் பட்டால் கம்பிச் சுருக்கு மாட்டி அங்கேயே அறுத்து எடுத்துவிடலாம். நோயைக் கண்டுபிடிக்கிற சோதனையே நோய் வராமலும் தடுக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அப்பத்தா காலத்துக் கம்மஞ்சோறு, கொள்ளு, பச்சைப்பயறு எல்லாவற்றிலும் நார்ச்சத்து அதிகம். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. குடல் சுவர்ச் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். புகையிலையும் சாராயமும் இதற்கு நேர்எதிர். ஆனால் கம்மங்கூழ் குடிப்பவர் என்பதற்காகச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மலத்தில் ரத்தம் பட்டால் அது மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அதுதான். மூலமும் பாலிப்பும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும். பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவில் 2021 முதல், தொந்தரவே இல்லாதவர்களையும் 45 வயதில் சோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், எது முந்தியோ அப்போது.

பெரியப்பா மகனுக்கு இப்போது 43. மூன்று மாதம் நச்சரித்து, போன ஆடியில் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனேன். கொள்ளுப் பருப்பளவு ஒரு பாலிப் இருந்தது. எடுத்துவிட்டார்கள். விழித்ததும், "எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று நர்ஸிடம் கேட்டார் அண்ணன். அஞ்சு வருஷம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.