காங்கேயம் கல்லுக்குள் நகரும் வெளிச்சம்

காங்கேயம், கரூர் வட்டாரத்தில் கிடைக்கும் சந்திரகாந்தக் கல்லை ஒரு பல்புக்கு அடியில் பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். கல்லுக்குள்ளே வெள்ளையாகவோ மெல்லிய நீலமாகவோ ஒரு வெளிச்சம் மிதக்கும். சாய்க்கச் சாய்க்க அதுவும் நகரும். மேலே பூசிய மெருகு இல்லை அது, கல்லின் உள்ளமைப்பு.

இது ஃபெல்ட்ஸ்பார் வகைக் கனிமம். பூமிக்கடியில் நல்ல சூட்டில் இருக்கும்போது பொட்டாசியமும் சோடியமும் இதில் ஒரே படிகமாகக் கலந்து கிடக்கும். பொட்டாசிய அயனி பெரியது, சோடிய அயனி சிறியது. சூடு இருக்கிறவரை படிகம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ஆற ஆற முடியாமல் போகும். அப்புறம் பொட்டாசியம் ஒரு பக்கம், சோடியம் ஒரு பக்கம் என்று பிரிந்து, மாற்றி மாற்றி மெல்லிய அடுக்குகளாக ஒதுங்கும். கெட்டியான பாறைக்குள்ளேயே அணுக்கள் இப்படி இடம் மாறுவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மெதுவாக ஆறினால்தான் அது நடக்கும்.

உள்ளே போகும் ஒளி இந்த அடுக்குகளில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. அடுக்குகள் தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் நீலம் அதிகமாகச் சிதறும். தடிமன் கூடினால் எல்லா நிறமும் சேர்ந்து வெள்ளையாகத் தெரியும். நல்ல நீலக் கல்லுக்கு விலை அதிகம் என்பதன் காரணம் இந்த நுண்ணிய கணக்குதான்.

கல் அறுப்பவரின் கைத்திறனும் இங்கேதான் தெரியும். இதற்கு வைரம்போலப் பட்டை தீட்டுவதில்லை, மேல்பக்கத்தை மொழுமொழுவென்று மேடாக்குவார்கள். அடிப்பக்கம் அடுக்குகளுக்கு இணையாக அமைந்தால் வெளிச்சம் மேட்டின் நடுவில் நிற்கும். தப்பினால் ஓரத்துக்கு ஓடிவிடும். வாங்கும்போது இதைப் பாருங்கள். ஓபலைட் என்ற கண்ணாடியையும் சந்திரகாந்தம் என்று விற்பதுண்டு. அதில் நீலம் கல் முழுவதும் பரவியிருக்கும், நகரும் வெளிச்சம் இருக்காது.

விண்கல் மோதிரம் இப்போது கோவையில் இருந்தபடியே இணையத்தில் வாங்கலாம். அதில் தெரியும் குறுக்கும் நெடுக்குமான கோடுகளுக்கும் இதே கதைதான். நமீபியாவில் விழுந்த கிபியோன் போன்ற இரும்பு விண்கற்கள் ஒரு காலத்தில் சிறுகோள்களின் உட்பகுதியில் இருந்தவை. அங்கே ஒரு டிகிரி சூடு குறையவே நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த நிதானத்தில், நிக்கல் குறைந்த இரும்பு தனியாகவும் நிக்கல் மிகுந்த இரும்பு தனியாகவும் பிரிந்து வளர்ந்தன. அறுத்து மெருகேற்றினால் வெறும் இரும்புதான். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் நிக்கல் குறைந்த பகுதி சீக்கிரம் அரிபட்டு, கோலம் மேலே வரும். இதே கோலத்தை எஃகில் லேசரால் பொறித்தும் விற்கிறார்கள். உண்மையான விண்கல்லுக்குத் துரு பிடிக்கும், ஈரம் படாமல் துடைத்து அவ்வப்போது எண்ணெய் தடவ வேண்டும்.

சரி, சந்திரகாந்தத்துக்கும் சந்திரனுக்கும் சம்பந்தம் உண்டா? கல் அங்கிருந்து வரவில்லை. ஆனால் நிலாவில் வெள்ளையாகத் தெரியும் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் அனார்த்தசைட் பாறை. அதுவும் ஃபெல்ட்ஸ்பார் குடும்பம்தான், கால்சியம் மிகுந்த கிளை. நிலா உருவான புதிதில் அதன் மேற்பரப்பு முழுக்கப் பாறைக் குழம்பாக இருந்தது என்றும், எடை குறைந்த ஃபெல்ட்ஸ்பார் பாலாடைபோல மேலே மிதந்து உறைந்தது என்றும் விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் இருந்த வெள்ளைத் துணுக்குகளிலிருந்து பிறந்த யோசனை இது. 2023இல் சந்திரயான் 3இன் பிரக்யான் ஊர்தி தென்துருவப் பக்கம் அளந்த மண்ணும் இதற்கு ஒத்துப்போனது.

அந்த அனார்த்தசைட் நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் இருக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. சந்திரயான் 2க்காக இஸ்ரோ இதை டன் கணக்கில் எடுத்துப் பொடித்து, நிலா மண்ணைப்போலத் தயாரித்தது. பெங்களூரில் அதைப் பரப்பித்தான் ஊர்தியின் சக்கரங்கள் மண்ணில் எப்படி ஓடுகின்றன என்று சோதித்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்களும் இந்த வேலையில் உதவினார்கள். ராசிபலன் சொல்லிக் கல் விற்கிற கடைகளில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.